துடக்கோடு ஒரு பிளமெங்கோ மாலை

1

அடுத்த புதன்கிழமை அப்பாவின் ஆட்டைத் திவசம். அவர் போய் ஒரு வருடம். திதி பார்த்துச் சொன்ன ஐயர், அன்று பகல் தனக்கு வேலை என்று கையை விரித்துவிட்டார். எங்கள் ஐயரும் என்னைப்போல ஆக்லாந்தில் பென்ரோஸ் பக்கம் ஒரு கிடங்கில்தான் வேலை. பூணூலுக்கு மேலே செம்மஞ்சள் வெஸ்ட் போட்டுக்கொண்டு பெட்டி அடுக்குகிறவர். ஆகவே அப்பாவுக்குப் படையல் பின்னேரம் ஐந்தரைக்குத்தான். ஊரில் பன்னிரண்டரைக்குச் சோறு போடாவிட்டால் வீட்டை இரண்டாக்குகிற மனிதர் அவர். ஐந்தரை வரைக்கும் காத்திருக்கச் சொன்னால் என்ன சொல்வாரோ தெரியாது.

என் மனைவி மனோ சாமான் பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறாள். வாழைக்காய் ஞாயிறு காலை ஏவொண்டேல் சந்தையில் சமோவாக்காரரிடம் வாங்கலாம். முருங்கைக்காய் தகர டின்னில் வருவதுதான். வாழையிலைக்கு இன்னும் வழி பிறக்கவில்லை.

நேற்றுச் சாப்பாட்டு மேசையில் மகள் தர்சினி, "வெட்னஸ்டே நான் ஸ்கூலுக்குப் போகேல்லை" என்றாள். அனுமதி கேட்கவில்லை, அறிவித்தாள். எட்டு வயதில் இங்கே வந்தவள், இப்போது பதினாறு. பிள்ளைகள் கைவிட்டுப் போகிறார்கள் என்று ஊரில் இருக்கிற உங்களுக்கு நான் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! தமிழில் கேட்டால் இங்கிலிஷில் பதில், சோறு வைத்தால் பாண், கோயிலுக்குக் கூப்பிட்டால் வயிற்றுக்குத்து என்றெல்லாம் எழுதி அழுதிருக்கிறேன். அதில் பெரும்பங்கை நான் வாபஸ் வாங்க வேண்டியிருக்கிறது. போன மார்கழியில் நடந்ததை இன்றைக்காவது எழுதிவிடுகிறேன்.

2

தர்சி அப்போது பிளமெங்கோ பழகிக்கொண்டிருந்தாள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அது ஸ்பெயின் நாட்டு ஆட்டம். ஆணி அடித்த சப்பாத்துப் போட்டு நிலத்தை உதைத்து ஆடுவது. ஒருவர் கிற்றார் வாசிப்பார், சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள், ஒருவர் தொண்டை கிழியப் பாடுவார். பரதநாட்டிய வகுப்புக்கு மூன்று வருடம் இவளைக் காரில் ஏற்றி இறக்கினேன். ஒருநாள் இனிப் போகமாட்டேன் என்றுவிட்டாள். பிறகு பள்ளிக்கூடச் சிநேகிதி ஒருத்தியோடு நகர மையத்தில் மரிசோல் என்ற ஸ்பானியப் பெண் நடத்தும் வகுப்புக்குப் போய்வந்து, "அப்பா, இதுதான்" என்றாள். நான் இரண்டு கிழமை அவளோடு கதைக்கவில்லை. "தட்டடவு உதைச்சுப் பழகினது வீண்போகேல்லை எண்டு நினையுங்கோவன்" என்று மனோதான் சமாதானம் செய்தாள். கராஜ் சீமெந்தில் அவள் பழகுகிற சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். எட்டு மாதம் அந்த நாயும் நானும் பொறுத்துக்கொண்டோம்.

அவளுக்கு ஆட்டப் பாவாடை தைத்தவர் ரேய்னா. நியூ லின்னில் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒற்றை அறையில் தையல் வேலை செய்கிறவர். எழுபது வயதிருக்கும். துருக்கியில் இஸ்மிர் என்ற துறைமுகப் பட்டினத்தில் பிறந்த யூதப் பெண். ஐந்நூறு வருடங்களுக்கு முன் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்கள் துருக்கிக்குப் போய், அந்தப் பழைய ஸ்பானிய மொழியையே வீட்டுக்குள் கதைத்து வந்தார்களாம். லடினோ என்று அதற்குப் பெயர். ரேய்னாவின் ஒரே மகன் சிட்னியில் இருக்கிறான். அவனுக்கு லடினோ வராது. "ஆக்லாந்தில் இதைக் கதைக்க எனக்கு யார் இருக்கிறார்கள்? தையல் மெஷினோடுதான் கதைக்கிறேன்" என்று ஒருமுறை சொன்னார். அவருடைய இங்கிலிஷும் என்னுடைய இங்கிலிஷும் ஒரே அளவுக்கு நொண்டும். அதனால் எங்களுக்குள் கதை நன்றாக ஓடும்.

மரிசோலும் ரேய்னாவும் சேர்ந்து ஒரு ஞாயிறு மாலையை ஒழுங்கு செய்தார்கள். முதலில் ரேய்னா பாடும் லடினோப் பாட்டுகள், நடுவில் அவருடைய ஆட்களின் சாப்பாடு, பிறகு பிளமெங்கோ. தர்சிக்கு ஒரு தனி ஆட்டம் இருந்தது.

அதற்கு இரண்டு நாள் முந்தி, வெள்ளிக்கிழமை, வேலையால் வந்தபோது கடிதப்பெட்டியில் தங்கச்சியின் கடிதம் கிடந்தது. கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட யாரிடமோ அவள் கொடுத்துவிட, அவர் எங்கெங்கோ மறிபட்டு நின்று தபாலில் போட, எல்லாமாக நாலு மாதம். தொண்ணூற்றைந்தில் சண்டையால் ஊரே எழும்பி நடந்தபோது அப்பாவும் நடந்து போய், கடைசியில் வன்னியில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் இருந்தார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். காய்ச்சலில் ஆறு நாள் கிடந்து ஆவணியில் போய்விட்டாராம். தங்கச்சியின் புருஷன் கொள்ளி வைத்தாராம். "அண்ணா, கடைசி நாளில ஆர் சைக்கிள்ல வந்து இறங்கினாலும் 'தம்பியோ' எண்டு கேட்டவர்" என்று எழுதியிருந்தாள்.

என்னை அவர் தம்பி என்றுதான் கூப்பிடுவார். நான் அவருக்கு ஒரே மகன். கொள்ளி வைக்க வேண்டியவன். அந்த ஆவணியில் நான் என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஓவர்டைம் செய்தேன். காரைச் சோதிக்கக் கொடுத்து வொரண்ட் எடுத்தேன். ஒரு கலியாண வீட்டில் இரண்டாம்தரம் பாயாசம் கேட்டு வாங்கிக் குடித்தேன். துடக்குக்காரன் என்று தெரியாமல் கோயிலுக்கும் போயிருக்கிறேன்.

சாவுத் தீட்டான சாத்துடக்கு எங்களுக்கு முப்பத்தொரு நாள். மீன் இறைச்சி இல்லை, முட்டை இல்லை, சவரம் இல்லை, கொண்டாட்டம் இல்லை. செத்த அன்று வீட்டில் அடுப்பு எரியாது, அயலவர்தான் சோறு கொண்டுவர வேண்டும். நாலு மாதம் பிந்திய செய்திக்கு எப்படி எண்ணுவது என்று ஐயரிடம் போனில் கேட்டேன். "தாய் தகப்பன் எண்டால் எவ்வளவு பிந்தினாலும் கேள்விப்பட்ட நாளிலயிருந்து முப்பத்தொண்டும் முழுசா எண்ண வேணும். பேரப்பிள்ளைக்கு மூண்டு நாள் காணும்" என்றார்.

"பிள்ளைக்குச் சொல்லுவம்" என்றாள் மனோ.

"ஞாயிறு முடியட்டும்."

"துடக்கு வீட்டுப் பிள்ளை மேடையில ஏறி ஆடுறதோ?"

"எட்டு வயசில விட்டுட்டு வந்தவள். அவளுக்கு அப்பப்பா எண்டால் சுவரில தொங்கிற ஒரு படம். எட்டு மாசம் பழகினதை ஏன் கெடுப்பான்? திங்கக்கிழமை நான் சொல்லுறன்."

மனோ எழும்பிக் குசினிக்குள் போனாள். சொல்லாத சாவுக்கு யார் சோறு கொண்டுவருவார்கள்? அவளே அடுப்பை மூட்டிச் சோறும் பருப்பும் வைத்தாள். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் எப்போதும் மரக்கறி என்பதால் தர்சிக்கு ஒன்றும் தோன்றவில்லை. சனிக்கிழமையும் பருப்பு வந்தபோது, "மீன் இல்லையா?" என்றாள். "கடை பூட்டு" என்றாள் மனோ. பொய் சொல்லத் தெரியாதவள், சொல்லிவிட்டு அகப்பையைக் கீழே போட்டாள்.

3

ஞாயிறு பின்னேரம் மனோ தலையிடி என்று படுத்துவிட்டாள். தர்சியும் நானும் போனோம். கோடைகாலம், ஆறு மணிக்கும் வெயில் சுட்டது. மண்டபத்தின் பின்வரிசையில் ஓரக் கதிரையாகப் பார்த்து இருந்தேன். முகத்தில் மூன்று நாள் தாடி.

ரேய்னா கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, கஞ்சிரா போன்ற ஒரு வட்ட மேளத்தோடு வந்தார். பெரிய குரல் என்று சொல்லமுடியாது. சமைத்துக்கொண்டே பாடுகிற குரல். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் இங்கிலிஷில் ஒரு விளக்கம். இது கலியாணத்துக்கு முதல்நாள் பாடுவது, இது பிள்ளைக்குப் பல் முளைக்கும்போது பாடுவது. மூன்றாவதுக்கு, "இது ஒன்றுக்குமில்லை, என் அக்கா பாத்திரம் கழுவும்போது பாடுவது" என்றார். சனம் சிரித்தது. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அந்தப் பாட்டில் ஓரிடத்தில் அவர் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தரமும் கொஞ்சம் இறக்கிப் பாடினார். வெள்ளிக்கிழமை தொடக்கம் வராமலிருந்த அழுகை எனக்கு அப்போது வந்துவிட்டது. துடக்கோடு பாட்டுக் கேட்கப் போனவனுக்கு அது வேணும். லேஞ்சியை எடுத்து மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

இடைவேளைக்கு நீள மேசையில் சாப்பாடு வைத்தார்கள். கீரையும் சீஸும் வைத்துச் சுட்ட சின்னப் பற்றிஸ், லீக்ஸ் வடை, ஒலிவ் காய், வாதுமை மாவில் செய்த இனிப்பு. நடுவில் ஒரு தட்டு நிறைய மண்ணிற முட்டைகள். வெங்காயச் சருகு போட்டு, முழு இரவும் மெல்லிய நெருப்பில் அவித்தவையாம். எல்லாரும் வரிசையில் நின்றார்கள். நான் எழும்பவில்லை.

ரேய்னா என்னிடம் வந்தார். "சாப்பிடவில்லையா?"

"பசி இல்லை."

என் முகத்தைப் பார்த்தார். தாடியைப் பார்த்தார். பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு, "யார்?" என்று கேட்டார்.

"அப்பா" என்றேன். "நாலு மாதமாகிவிட்டது. கடிதம் வெள்ளிக்கிழமைதான் வந்தது."

"எங்களிலும் சவரம் செய்வதில்லை" என்றார். "பாட்டும் கேட்பதில்லை." திரைக்குப் பின்னால் பிள்ளைகளின் சப்பாத்துச் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "மகளுக்காக வந்தீர்களா?" என்றார். தலையாட்டினேன். அவளுக்குத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. சொல்லாமல் கூட்டிவருகிற தகப்பனும் உலகத்தில் இருப்பான் என்று அவருக்குத் தோன்றியிராது. நானும் வாயைத் திறக்கவில்லை.

எழும்பிப் போய் ஒரு முட்டையோடு வந்தார். தானே கோதை உரித்து, உப்பில் தொட்டு, என் கையில் வைத்தார். துக்க வீட்டுக்காரர் முதல் சாப்பாட்டைத் தன் அடுப்பிலிருந்து சாப்பிடக்கூடாதாம், அயலவர் கொண்டுவந்து கொடுக்க வேண்டுமாம். கொடுப்பது முட்டை. "முட்டைக்கு வாய் இல்லை. துக்கக்காரருக்கும் கதைக்க வாய் இல்லை" என்றார். பிறகு, "உங்களுக்கு வெள்ளிக்கிழமை யார் கொண்டுவந்தது?" என்று கேட்டார்.

"ஒருவரும் இல்லை."

துடக்குக்காரன் கையில் முட்டை! ஊரில் என்றால் ஒழுங்கை முழுக்கக் கதையாகியிருக்கும். எங்களுக்கு இது ஆகாது என்று சொல்லியிருக்கலாம், அவர் கோபித்திருக்கமாட்டார். ஆனால் என் அப்பாவின் சாவுக்கு ஒரு மனுஷர் எனக்குக் கொண்டுவந்து தந்த முதல் சாப்பாடு அது. தின்றேன். வெள்ளைக்கருவும் மண்ணிறமாக இருந்தது. அழுதுகொண்டு தின்றதால் உப்பு அதிகமாகிவிட்டது.

நான் தின்று முடிக்கும்வரை அவர் பக்கத்திலேயே இருந்தார். "செய்தி ஒரு மாதத்துக்கு மேல் பிந்தி வந்தால், எங்களுக்கு ஒரு மணித்தியாலம் துக்கம் இருந்தால் போதும்" என்றார். "அக்கா போன கடிதம் எனக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தது. என் தையல் அறையில், நிலத்தில், ஒரு மணித்தியாலம் இருந்தேன். மணிக்கூட்டைப் பார்த்து எழும்பினேன். எனக்கு அது போதவில்லை." சொல்லிவிட்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

பிறகு தர்சி ஆடினாள். கரும்பச்சைப் பாவாடை. முதலில் அசையாமல் நின்றாள், கிற்றார்க்காரர் அவளுக்காகக் காத்திருந்தார். பிறகு குதிக்கால் விழத் தொடங்கியது. கராஜில் நான் கேட்ட சத்தம்தான், ஆனால் மரத் தரையில் அது என் நெஞ்சுக்குள் வந்து விழுந்தது. முகத்தை இறுக்கிக்கொண்டு, யாருடனோ வழக்குப் பேசுவதுபோல ஆடினாள். சனம் எழும்பி நின்று தட்டியது, நானும் எழும்பித் தட்டினேன். எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைத்து என்ன? சொல்லாமல் விட்டது சரிதான் என்றுகூட அந்த நேரம் நினைத்தேன்.

நான் மேடைக்குப் பின்னால் போனபோது ரேய்னா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். "தாத்தா இறந்த துக்கத்தோடு இப்படி ஆட என்னால் முடியாது, பிள்ளை" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

தர்சி விளங்காமல் சிரித்தாள். பிறகு என்னைக் கண்டாள்.

"அப்பப்பாவா?"

"ஓம் பிள்ளை."

"எப்ப?"

"ஆவணியில. கடிதம் வெள்ளிக்கிழமைதான் வந்தது."

"வெள்ளிக்கிழமையா?" என்றாள். ரேய்னா தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். அந்த மனுஷி பிறகு நாலு தரம் போன் எடுத்து மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான்.

4

காரில் நியூ லின் வரும்வரை அவள் பாவாடை முழுவதையும் மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். ரயில் கடவையில் நின்றபோது, "நான் அவருக்கு எழுதினேன்" என்றாள் இங்கிலிஷில்.

"ஆருக்கு?"

"அப்பப்பாவுக்கு. ஜூலையில். டான்ஸ் பற்றி. தமிழில்."

அவளுக்கு இன்னும் தமிழ் எழுத வருமென்றே எனக்குத் தெரியாது. தங்கச்சியின் பழைய கடித உறையைப் பார்த்து முகவரியை எழுதினாளாம். சப்பாத்துக்கு ஆணி அடித்த கதையும் நாய் குரைக்கிற கதையும் எழுதினாளாம். ஊரில் தன்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு போகும்போது அவர் மணியை விடாமல் அடித்தது ஞாபகம் இருக்கிறது என்றும் எழுதினாளாம்.

"அவருக்குக் கிடைச்சதா?" என்று கேட்டாள்.

தங்கச்சியின் கடிதத்தில் அதைப்பற்றி ஒரு வரியும் இல்லை. "தெரியேல்லை பிள்ளை" என்றேன்.

ரயில் போய்க் கடவை திறந்தது. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். "எனக்குத் துக்கம் ஒன்றும் இராது என்று நீங்களே முடிவெடுத்துவிட்டீர்கள், அப்பா" என்றாள், அதையும் இங்கிலிஷில்தான். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் மெதுவாகச் சொன்னாள்.

வீட்டுக்குப் போனதும் ஆட்ட உடுப்போடேயே மனோவின் கட்டிலில் போய் விழுந்தாள். இருவரும் சேர்ந்து அழுதார்கள். நான் கையில் கார்த் திறப்போடு குசினியில் நின்றேன். அந்த அழுகைக்குள் போக எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

5

துக்க லீவு என்று ஒன்று இங்கே சட்டத்தில் இருக்கிறது. திங்கட்கிழமை அதைக் கேட்கக் கந்தோருக்குப் போனேன். அங்கிருந்த பிள்ளை படிவத்தை நிரப்பிக்கொண்டே இறந்த திகதி கேட்டாள். சொன்னேன். "நாலு மாதத்துக்கு முந்தியா? அப்படியென்றால் லீவு எதற்கு இப்போது?" என்றாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. விளக்கமாகச் சொல்ல எனக்கு இங்கிலிஷ் வரவில்லை. சூப்பர்வைசர் வந்து தோளில் தட்டி, "ஐ ஆம் சொறி" என்றார். நான் பதற்றத்தில் "நோ ப்ராப்ளம்" என்றேன். கிறிஸ்மஸ் அவசரம் வேறு. கடைசியில் இரண்டு நாள் சுகவீன லீவு தந்தார்கள், வயிற்றுக்குத்து என்று எழுதி. அப்பாவின் சாவு அந்தக் கம்பனிக் கோப்பில் அப்படித்தான் இருக்கிறது.

அன்று பின்னேரம் தர்சி ஐயருக்குத் தானே போன் எடுத்தாள். "உமக்கு மூண்டு நாள்தான் மகள், அது நேற்றோட முடிஞ்சுது" என்று அவர் சொன்னாராம். "நான் நேற்றுத்தான் கேள்விப்பட்டனான்" என்று இவள் சொன்னாளாம். மூன்று நாளோடும் விடவில்லை. தகப்பனுக்கு முப்பத்தொன்று என்றால் தனக்கும் முப்பத்தொன்றுதான் என்று நின்றாள். ரேய்னாவின் ஒரு மணித்தியாலக் கதை அவளுக்குத் தெரிந்திருந்ததா என்று நான் கேட்கவில்லை. பள்ளி விடுமுறை முழுக்க அவள் மீன் தொடவில்லை, முட்டை தொடவில்லை. சிநேகிதி வீட்டுப் பார்பகியூவில் பாணும் தக்காளியும் தின்றுவிட்டு வந்தாள். ஆணிச் சப்பாத்தைத் தொடவே இல்லை. என்னோடு தேவைக்குக் கதைத்தாள். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

என்னுடைய முப்பத்தோராம் நாள் ஒரு ஞாயிறு. அந்தியேட்டிக் கிரியைக்கு ஊரில்போலக் கீரிமலைக் கடல் இல்லாததால் மேற்குக் கரைக் கடலுக்குப் போனோம். அங்கே மணல் கறுப்பு. கரைக்கச் சாம்பல்கூட என்னிடம் இல்லை, ஐயர் சொன்னபடி எள்ளும் தண்ணீரும் விட்டேன். வீட்டுக்கு வந்து சவரம் செய்தேன்.

மறுநாள் மனோ மீன்குழம்பு வைத்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு வீட்டில் மீன் மணம். தர்சி தானே காய்ச்சிய பருப்புச் சட்டியைக் கொண்டுவந்து தன் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எல்லாருக்கும் முடிஞ்சுது பிள்ளை. இனிச் சாப்பிடலாம்" என்றேன்.

"உங்களுக்கு முடிஞ்சுது அப்பா. நீங்கள் வெள்ளிக்கிழமை தொடங்கினனீங்கள்" என்றாள். "எனக்கு இண்டைக்கும் நாளைக்கும் இருக்கு."

மனோ குனிந்துகொண்டாள். நான் என் கோப்பையைத் தள்ளிவைத்தேன். "அப்ப நானும் ரெண்டு நாள் பொறுக்கிறன்."

"வேண்டாம். அது என்ர ரெண்டு நாள்."

அவள் குரலில் கோபம் இல்லை. கோப்பையைத் திரும்ப என் பக்கம் இழுத்து, மீன்துண்டு ஒன்றை எடுத்து என் சோற்றில் வைத்துவிட்டு, தன் பருப்புச் சோற்றைக் குழைத்தாள். தலை நிமிரவில்லை. அவளுடைய அப்பப்பாவுக்காக அவள் தனியே துக்கம் இருந்தாள். அதே மேசையில், அவளுக்கு முன்னால் இருந்து, நான் மீன் தின்றேன்.